புகைப் படலம்

நாவல் எழுதுகிறவனுக்கு எதில் சிரமம் அதிகம் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. பாத்திரங்களுக்குப் பெயர் வைப்பதில்தான் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. கதை முழுவதும் மனத்தில் உருவாகிவிட்ட பிறகும், கதாநாயகிக்குப் பெயர் அகப்படாமல் ஒரு வாரம் பேனாவை மூடி வைத்திருந்தது உண்டு. இந்த விஷயத்தில் வைத்தியர்கள் பாடு தேவலை. பார்க்கின்ஸன் வியாதி, அடிஸன் வியாதி என்று, முதலில் எழுதி வைத்தவரின் பெயரையே வியாதியின் தலையில் கட்டிவிடுவார்கள். அப்படி இல்லாவிட்டால் லத்தீனும் கிரேக்கமும் கலந்து முழ நீளத்துக்கு ஒரு பெயர். அதைக் கேட்டே நோயாளிக்குப் பாதி ஜுரம் வந்துவிடும்.

ஆனால் ஒரு வியாதிக்கு மட்டும், கவிதை உள்ளம் படைத்த யாரோ பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதைச் சில வருஷங்களுக்கு முன் தெரிந்துகொண்டேன். என் நண்பர் ஒருவர் மூளை ஆபரேஷன் செய்கிற டாக்டர். ஒரு நாள் மாலை அவரைப் பார்க்கப் போயிருந்தபோது, கம்ப்யூட்டர் திரையில் ஒரு படத்தை வைத்துக்கொண்டு முகத்தைச் சுளித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"நீர் வர்ணனை எழுதுகிறவர் ஆயிற்றே, இது என்னவென்று சொல்லும் பார்ப்போம்" என்றார்.

உற்றுப் பார்த்தேன். கீழேயிருந்து ஒரு தடித்த கோடு மேலே ஏறி வருகிறது. வந்து, ஓரிடத்தில் எலி வாலாகச் சிறுத்து முடிந்துவிடுகிறது. அது முடிந்த இடத்துக்கு மேலே உருவமில்லாமல், விளிம்பில்லாமல் ஏதோ கலங்கலாகத் தெரிகிறது.

"யாரோ சுருட்டுப் பிடித்து மேலே ஊதியிருக்கிறான்" என்றேன்.

நண்பர் சிரித்துவிட்டார். "ஜப்பான்காரனும் அதையேதான் சொன்னான்" என்றார்.

அப்போதுதான் 'மொயாமொயா' என்ற பெயரைக் கேட்டேன். நம்முடைய சலசல, பளபள, மசமச போல ஜப்பானிய பாஷையில் இரட்டைச் சொற்கள் ஏராளம். நட்சத்திரம் மினுமினுத்தால் கிராகிரா. முகம் மலர்ந்து சிரித்தால் நிக்கோநிக்கோ. நம் இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் தராது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். 'மொயா' அப்படி இல்லை. தனியாக நின்றாலும் அதற்கு மூடுபனி என்று அர்த்தம் உண்டு. இரண்டு முறை சொன்னால் புகை மண்டினாற்போல, தெளிவில்லாமல் என்று பொருள். மனம் ஏதோ இன்னதென்று தெரியாமல் குழம்பிக் கிடந்தால், அதற்கும் ஜப்பானியர்கள் மொயாமொயா என்றுதான் சொல்கிறார்கள்.

அந்தப் படம் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் மூளைப் படம். அவளைப் பற்றிப் பிற்பாடு சொல்கிறேன். அன்று நண்பர் ஆரம்பித்து வைத்த பேச்சு, பிறகு பல நாள் என்னைப் புத்தகங்களைப் புரட்ட வைத்தது. அதில் கிடைத்த சரித்திரம் ஒரு நல்ல நாவலுக்குக் குறைந்ததல்ல.

அந்தச் சரித்திரத்தை 1664லிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆக்ஸ்போர்டில் தாமஸ் வில்லிஸ் என்ற வைத்தியர் மூளையின் அமைப்பைப் பற்றி அந்த ஆண்டு ஒரு லத்தீன் நூலை வெளியிட்டார். அதற்குப் படங்கள் வரைந்து கொடுத்தவர்களில் ஒருவர் கிறிஸ்டோபர் ரென். பிற்காலத்தில் லண்டனில் ஸெயின்ட் பால் மாதா கோயிலைக் கட்டினாரே, அவரேதான். மூளைக்கு நான்கு குழாய்கள் வழியாக ரத்தம் போகிறது. கழுத்தின் முன்பக்கம் இரண்டு பெரியவை. கரோட்டிட் என்று பெயர். பின்பக்கம் முதுகெலும்பை ஒட்டி இரண்டு. இந்த நான்கும் மூளையின் அடிப்பக்கத்தில் ஒன்றோடொன்று கை கோத்து ஒரு வளையமாகின்றன. அந்த வளையத்துக்கு இன்று வரை வில்லிஸின் பெயர்தான்.

நம் ஊர்க் கோயில்களைச் சுற்றி நான்கு மாட வீதிகள் இருக்கின்றன அல்லவா? தெற்கு வீதியில் பள்ளம் தோண்டி வழியை அடைத்துவிட்டால், வண்டிக்காரன் வடக்கு வீதியாகச் சுற்றிக்கொண்டு வந்து சேருகிறான். மூளையின் அடியில் இருக்கும் வளையமும் அதே காரியத்துக்குத்தான் என்று வில்லிஸ் யூகித்தார். அவர் வெறும் யூகத்தோடு நிற்கவில்லை. வயிற்றில் கட்டி வந்து இறந்துபோன ஒரு மனிதனின் சடலத்தை அறுத்துப் பார்த்தபோது, வலது கரோட்டிட் குழாய் கல்லைப் போல இறுகி ஏறக்குறைய முழுவதும் அடைபட்டிருந்ததைக் கண்டார். இப்படிப்பட்டவன் எப்போதோ பாரிசவாயு வந்து விழுந்திருக்க வேண்டாமோ என்று ஆச்சரியப்பட்டார். மேலும் தேடியதில் விடை கிடைத்தது. அதே பக்கத்தில் பின்புறமாக ஏறும் குழாய், மறுபக்கத்துக் குழாயைப்போல மூன்று பங்கு பருத்திருந்தது. அடைபட்ட வழிக்குப் பதில் வேறொரு வழியை உடம்பு தானே அகலப்படுத்திக்கொண்டிருந்தது.

வில்லிஸ் பார்த்ததெல்லாம் பிணத்தில். உயிரோடு இருக்கிறவனின் மண்டைக்குள் குழாய்கள் எப்படி ஓடுகின்றன என்று பார்க்க இன்னும் இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. எலும்பைக் காட்டும் எக்ஸ்-ரே ரத்தத்தைக் காட்டாது. ரத்தத்தோடு எக்ஸ்-ரேயை மறிக்கக்கூடிய ஒரு திராவகத்தைக் கலந்துவிட்டால் குழாய்கள் தெரியும் என்று நினைத்தவர், போர்ச்சுகல் தேசத்து எகாஸ் மோனிஸ். இவர் விசித்திரமான பேர்வழி. வைத்தியர், அரசியல்வாதி, 1918இல் கொஞ்ச காலம் அந்த நாட்டின் வெளிநாட்டு மந்திரியாகவே இருந்தவர். முதலில் ஒரு ரசாயனத்தைச் செலுத்திப் பார்த்ததில் ஒரு நோயாளி இறந்தார். மருந்தை மாற்றி, 1927ஆம் ஆண்டு ஜூன் மாதம் லிஸ்பன் நகரில் மூளைக் குழாய்களின் முதல் தெளிவான படத்தை எடுத்தார். அப்போது அவருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. 1949இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் இதற்காக அல்ல. மன நோயாளிகளின் மூளையில் முன்பகுதி நரம்பிழைகளை வெட்டிவிடும் ஓர் ஆபரேஷனுக்காக. பரிசு பெற்றுத் தந்த அந்த வேலையை இன்று வைத்திய உலகம் கைகழுவிவிட்டது. பரிசு பெறாத வேலையோ தினம் ஆயிரம் ஆஸ்பத்திரிகளில் நடக்கிறது. பரிசு கொடுக்கிறவர்களின் கண் எப்போதுமே இப்படித்தான் போலிருக்கிறது.

மோனிஸின் முறையில் கழுத்தைக் கீறிக் குழாயை வெளியே எடுக்க வேண்டியிருந்தது. ஜப்பானில் கென்டாரோ ஷிமிஸு என்பவர், கீறாமலே தோலின் மேலிருந்து ஊசியால் குத்தி மருந்து செலுத்தும் எளிய முறையை 1937இல் ஜெர்மன் பாஷையில் எழுதி வெளியிட்டார். இருபது வருஷம் கழித்து, 1957இல், டகேயுச்சி என்ற சக வைத்தியரோடு சேர்ந்து அதே ஷிமிஸு ஒரு ஜப்பானியப் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். இருபத்தொன்பது வயது இளைஞன். சிறு பிராயத்திலிருந்தே பார்வைக் கோளாறும் உடம்பின் ஒரு பக்கத்தில் வலிப்பும் உள்ளவன். அவனைப் படம் எடுத்தபோது இரண்டு பக்கத்துக் கரோட்டிட் குழாய்களும் மண்டைக்குள் போனவுடன் சிறுத்துப் போயிருந்தன. பிறவியிலேயே அவை சரியாக வளரவில்லை என்று அவர்கள் எழுதினார்கள்.

அது பிசகு. ஆனால் கௌரவமான பிசகு. ஒரே ஒரு படத்தைப் பார்த்து வேறு என்ன சொல்ல முடியும்? ஒருவனுடைய புகைப்படத்தை ஒரு முறை பார்த்தால், அவன் பிறந்ததிலிருந்தே வழுக்கையா, போன வருஷம்தான் முடி கொட்டியதா என்று கண்டுபிடிக்க முடியுமா? வருஷம் தோறும் எடுத்த படங்களை அடுக்கி வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அப்படி அடுக்கி வைத்துப் பார்த்தவர்கள் வடக்கு ஜப்பானில் செண்டாய் நகரத்தில், தோஹோக்கு சர்வகலாசாலையில் இருந்தார்கள். ஜிரோ ஸுஸுகி, அகிரா டகாகு என்று பெயர். (ஸுஸுகி என்றதும் மோட்டார் சைக்கிள் ஞாபகம் வருகிறவர்களுக்கு: இவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) அவர்கள் 1969இல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் வெளியிட்ட கட்டுரையில்தான் 'மொயாமொயா' உலகத்துக்கு அறிமுகமாயிற்று. சிகரெட் புகை காற்றில் மிதப்பதுபோல் தெரிகிறது என்பதையும் அவர்களே எழுதியிருந்தார்கள்.

பெயரைவிட முக்கியமானது, அவர்கள் கண்ட கதை. ஆறு கட்டங்களாக அதைப் பிரித்தார்கள். முதலில் கரோட்டிட் குழாயின் நுனி மட்டும் சிறுக்கிறது. பிறகு மூளையின் அடியில் நூலிழை போன்ற குழாய்கள் தலைகாட்டுகின்றன. மூன்றாவது கட்டத்தில் பெரிய குழாய்கள் மறைய, புகை அடர்ந்து மண்டுகிறது. அதற்கப்புறம் ஓர் அதிசயம்: புகை குறைய ஆரம்பிக்கிறது. ஆறாவது கட்டத்தில் புகையும் இல்லை, கரோட்டிட் குழாய் மூளைக்கு ஒன்றுமே கொண்டுபோவதும் இல்லை. பின் மூளை எப்படிப் பிழைக்கிறது? தலைத் தோலுக்கும், மூளையைப் போர்த்தியிருக்கும் சவ்வுக்கும் ரத்தம் கொண்டுபோகிற வெளிக் குழாய்கள் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே எட்டிப் பார்த்து, அந்த வேலையை ஏற்றுக்கொள்கின்றன. எல்லோருக்கும் ஆறு கட்டமும் நடந்து முடிவதில்லை. ஆனால் ஒன்று தெளிவாயிற்று. அந்த இளைஞனின் குழாய்கள் வளராமல் போனவை அல்ல. வளர்ந்து, பிறகு மெல்ல மெல்ல அடைபட்டவை.

அப்படியானால் புகை என்பது வியாதி அல்ல. வியாதிக்கு உடம்பு செய்துகொண்ட பரிகாரம். வில்லிஸ் பார்த்த மனிதனுக்கு ஒரு குழாய்தான் அடைத்தது, வளையம் காப்பாற்றியது. இங்கே வளையத்தின் வாசலிலேயே அடைப்பு. அதுவும் பெரும்பாலும் இரண்டு பக்கத்திலும். மாட வீதிகளே மூடிப்போன பிறகு, சந்து பொந்துகளையெல்லாம் வெட்டி அகலப்படுத்திக்கொள்கிறது உடம்பு. அந்தச் சந்துகள்தான் புகையாகத் தெரிகின்றன. ஆனால் சந்து சந்துதானே? தேர் அதில் போகுமா? நூலிழைக் குழாயின் மேல் பெரிய குழாயின் பாரம் விழுகிறது. வருஷக்கணக்கில் அந்த அழுத்தத்தைத் தாங்கி நைந்து, ஒரு நாள் அது வெடித்துவிட்டால் மூளைக்குள் ரத்தம் கொட்டுகிறது. ஆகவே இந்த நோயாளிக்குப் பாரிசவாயு இரண்டு திசையிலிருந்து வரக் காத்திருக்கிறது. ரத்தம் போதாமல் வரலாம். காப்பாற்ற வந்த குழாயே உடைந்தும் வரலாம். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் முதல் வகை. ஜப்பானில் பெரியவர்களுக்கு ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இரண்டாவது வகை. ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு அதிகமாக வருகிறது.

1968இல் குடோ என்ற ஜப்பானிய வைத்தியர் இந்த நோயைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியபோது, இது ஜப்பானியருக்கு மட்டுமே உரியது போல் தோன்றுகிறது என்று தலைப்பிலேயே போட்டுவிட்டார். அதே ஆண்டில் ஜப்பான் முழுவதும் திரட்டிய 96 பேருடைய விவரங்களும் வேறொரு கட்டுரையில் வெளிவந்தன. தேடுகிற இடத்தில்தான் பொருள் அகப்படும். மற்ற நாட்டு வைத்தியர்கள் தேடத் தொடங்கியதும் கொரியாவில், சீனாவில், ஐரோப்பாவில், அமெரிக்காவில், நம் நாட்டிலும் மொயாமொயா அகப்பட்டது. இருந்தாலும் குடோ சொன்னதில் ஒரு துளி உண்மை இல்லாமலில்லை. கிழக்கு ஆசியாவில்தான் இது அதிகம். 2011இல் செண்டாயிலும் கியோத்தோவிலும் இரண்டு ஆராய்ச்சிக் குழுக்கள், இந்த நோயாளிகளில் மிகப் பலருக்கு ஒரே ஜீனில் ஒரே மாறுதல் இருப்பதைக் கண்டுபிடித்தன. அதே மாறுதல் ஜப்பானில் ஆரோக்கியமாக நடமாடுகிற ஜனங்களிலும் நூற்றுக்கு ஓரிருவரிடம் இருக்கிறது. அவர்களில் அநேகம் பேரை இந்த நோய் தொடுவதே இல்லை. ஒருவனைப் பிடித்து, அதே ஜீனை வைத்திருக்கும் அவன் தம்பியை ஏன் விட்டுவிடுகிறது என்பது இன்னும் புகைக்குள்தான் இருக்கிறது.

இனி அந்தச் சிறுமி. அவளுடைய வியாதி எப்படி வெளிப்பட்டது தெரியுமா? அழுதபோது. பிடிவாதக்காரக் குழந்தை, கேட்டது கிடைக்காவிட்டால் விக்கி விக்கி அழும். அழுது முடித்ததும் வலது கை துவண்டு, எடுத்த பொருள் நழுவி விழும். கால் மணி நேரத்தில் சரியாகிவிடும். வீட்டில் முதலில் பாசாங்கு என்று நினைத்தார்கள். அதற்காக ஒரு முறை அடிகூட விழுந்ததாம். அடித்தால் இன்னும் அழுவாள் அல்லவா? கை இன்னும் நன்றாகத் துவண்டது.

ஜப்பானிய வைத்தியர்கள் இதையெல்லாம் வெகு நாளாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். அழும் குழந்தை வேக வேகமாக மூச்சை இழுத்து விடுகிறது. அதனால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துபோகிறது. கரியமில வாயு குறைந்தால் மூளையின் குழாய்கள் சுருங்கும். இது நம் எல்லோருக்கும் பொதுவான இயல்பு. நமக்குத் தலை லேசாகக் கிறுகிறுப்பதோடு போய்விடும். ஏற்கெனவே சந்து பொந்துகளில் ரத்தம் வாங்கி ஜீவிக்கிற மூளைக்கோ, அந்தச் சிறு குறைவையும் தாங்க வகையில்லை. கை விழுகிறது, அல்லது வாய் குழறுகிறது. அந்த நாட்டில் குழந்தைகள் கொதிக்கக் கொதிக்க நூடுல்ஸை ஊதி ஊதிச் சாப்பிடும்போது இது வரும். பள்ளிக்கூடத்தில் மௌத் ஆர்கன் வாசிக்கும்போது வரும். ஒரு குழந்தைக்கு இவற்றைவிட இயல்பான காரியம் வேறு என்ன இருக்கிறது, சொல்லுங்கள்! இவைதான் அந்தக் குழந்தைக்கு அபாயம். கால் மணி நேரத்தில் திரும்பி வரும் கை, ஒரு நாள் திரும்பி வராமலே போகலாம்.

நண்பர் இதை அந்தத் தாயாருக்கு விளக்கிச் சொன்னார். அவள் கேட்டாளாம்: "டாக்டர், ஒரு குழந்தையை அழவே விடாமல் எப்படி டாக்டர் வளர்ப்பது?"

நண்பர் அதற்குப் பதில் சொல்லவில்லை என்று என்னிடம் சொன்னார். பிறகு அவள் இன்னொன்று கேட்டிருக்கிறாள்: "பக்கவாதம் வர எவ்வளவு சான்ஸ் இருக்கிறது?"

இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் வைத்திய சாஸ்திரம் அரை நூற்றாண்டாகப் பதில் தேடிக்கொண்டிருக்கிறது.

ஆரம்பத்தில் பதில் தேட அவகாசம் ஏது? கையில் கிடைத்ததையெல்லாம் செய்து பார்த்தார்கள். குழாயை விரிக்கும் மருந்துகள் கொடுத்தார்கள். பெயர் வைத்த ஸுஸுகியே, கழுத்தில் குழாய்களைச் சுருக்கும் நரம்புகளை அகற்றிப் பார்த்து 1975இல் எழுதினார். அது நிலைக்கவில்லை. வழி வேறு திசையிலிருந்து வந்தது.

துருக்கியில் பிறந்து ஸ்விட்ஜர்லாந்தில் வேலை பார்த்த யாஸர்கில் என்ற சர்ஜன், அமெரிக்காவில் வெர்மான்ட் மாகாணத்தில் டோனஹி என்பவரிடம் போய், மைக்ராஸ்கோப்பின் அடியில் ஒரு மில்லிமீட்டர் பருமனுள்ள குழாய்களைத் தைக்கக் கற்றுக்கொண்டார். நாய்களின் மேல்தான் அப்பியாசம். 1967ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் தேதி ஜூரிச் நகரில், ஒரு மனிதனின் நெற்றிப் பொட்டில் துடிக்கிற குழாயை, மண்டை எலும்பில் துளை போட்டு, உள்ளே மூளைக் குழாயோடு இணைத்துத் தைத்தார். மறுநாளே டோனஹியும் அதைச் செய்தார். 1972இல் யாஸர்கில் மொயாமொயா உள்ள ஒரு சிறுவனுக்கு அதே ஆபரேஷனைச் செய்தார். ஸுஸுகியின் ஆறாவது கட்டத்தை நினைத்துப் பாருங்கள். உடம்பு பல வருஷம் தட்டுத் தடுமாறிச் செய்வதை, சர்ஜன் ஒரு பகல் பொழுதில் செய்துவிட்டார்.

ஆனால் குழந்தையின் குழாய் மெல்லிசு. தைப்பது பிரம்மப் பிரயத்தனம். டோக்கியோவில் மட்ஸுஷிமா என்பவரும் அவர் குழுவினரும் 1981இல் வெளியிட்ட யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. அவர்கள் தைக்கவே இல்லை. தலைத் தோலில் ஓடும் குழாயை அறுக்காமல், ஓடுகிறபடியே ஒரு பட்டையாகப் பிரித்து, எலும்பைத் திறந்து மூளையின் மேல் படுக்க வைத்துவிட்டு மூடிவிட்டார்கள். அவ்வளவுதான். பந்தலுக்குப் பக்கத்தில் கொடியை வைத்துவிட்டு வருவதுபோல. சில மாதங்களில் அந்தக் குழாயிலிருந்து சிறு துளிர்கள் புறப்பட்டு மூளைக்குள் இறங்குகின்றன. ரத்தம் வேண்டாத மூளையில் அவை துளிர்ப்பதில்லை. பசித்த மூளையில்தான் துளிர்க்கின்றன. சாதாரண மனிதனுக்குப் பிரயோஜனப்படாத வைத்தியம் இந்த நோயாளிக்குப் பலிப்பது அதனால்தான்.

இதற்கிடையில் குழாய் தைக்கும் ஆபரேஷனுக்கு ஒரு பெரிய சோதனை வந்தது. கொழுப்பு அடைத்து வருகிற சாதாரணப் பாரிசவாயுவுக்கும் அதைப் பல நாடுகளில் செய்துகொண்டிருந்தார்கள். 1,377 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, ஒரு பகுதிக்கு ஆபரேஷன், மறு பகுதிக்கு மருந்து மட்டும் என்று கொடுத்துப் பார்த்தார்கள். 1985இல் முடிவு வெளியாயிற்று: ஆபரேஷனால் பலன் இல்லை. தங்கள் விரல் சாதுரியத்தில் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த சர்ஜன்களுக்கு அது இடி. ஊர் ஊராக அந்த ஆபரேஷன் நின்றது. மொயாமொயாவுக்கு மட்டும் தொடர்ந்து செய்தார்கள். இது வேறு வியாதி, வேறு கணக்கு என்று ஜப்பானியர் நம்பினார்கள். நம்பிக்கை சரி, நிரூபணம்?

கசிவு வந்து பிழைத்த பெரியவர்கள் விஷயத்தில் அந்தச் சந்தேகம் பலமாக இருந்தது. வெளியிலிருந்து ரத்தம் கொண்டுவந்தால், நூலிழைக் குழாய்களின் பாரம் குறைந்து மறுபடி உடையாமல் இருக்கும் என்பது நியாயமாகத்தான் தோன்றுகிறது. நியாயமாகத் தோன்றிய எத்தனையோ வைத்தியங்களைச் சரித்திரம் குப்பைத் தொட்டியில் போட்டிருக்கிறதே! ஆகவே 2001இல் ஜப்பானிய வைத்தியர்கள் துணிந்து சீட்டுக் குலுக்கினார்கள். ஏழு வருஷத்தில் அவர்களால் சேர்க்க முடிந்தது 80 நோயாளிகளைத்தான். வியாதி அவ்வளவு அபூர்வம். ஒவ்வொருவரையும் ஐந்து வருஷம் பின்தொடர்ந்தார்கள். 2014இல் முடிவு வந்தது. ஆபரேஷன் செய்துகொள்ளாத 38 பேரில் 12 பேருக்கு மறுபடி ரத்தக் கசிவு. செய்துகொண்ட 42 பேரில் 5 பேருக்கு. வருஷக் கணக்கில் சொன்னால் நூற்றுக்கு 7.6; மற்றவர்களுக்கு 2.7. மயிரிழையில்தான் கணித சாஸ்திரம் அதை ஒப்புக்கொண்டது. அதையும் அவர்கள் ஒளிக்காமல் எழுதினார்கள்.

அந்தப் பன்னிரண்டு பேரைப் பற்றித்தான் நான் நினைத்துக்கொண்டேன். சீட்டு மாறி விழுந்திருந்தால் அவர்களில் சிலர் தப்பியிருக்கலாம். அவர்கள் சம்மதித்துத்தான் சீட்டுக்கு உட்பட்டார்கள். அவர்கள் பெயர் எந்தக் கட்டுரையிலும் இல்லை, இருக்கவும் கூடாது. இன்று என் நண்பர் ஒரு நோயாளியிடம் ஓர் எண்ணைச் சொல்கிறார் என்றால், அந்த எண் அவர்கள் கொடுத்தது.

பின்னால் எம்.ஆர்.ஐ. வந்ததும் இன்னொரு புதிய சங்கடம் முளைத்தது. தலைவலிக்கும் தலைசுற்றலுக்கும் படம் எடுக்கப் போனவர்களிடம், ஒரு தொந்தரவும் கொடுக்காமல் மொயாமொயா பதுங்கியிருப்பது தெரிய வந்தது. 1994இல் ஜப்பானில் 3,900 நோயாளிகள் என்று மதிப்பிட்டார்கள், 2003இல் 7,700. வியாதி பெருகியது என்பதைவிடக் கண் கூர்மையாயிற்று என்பதே அதிகம் பொருந்தும். வலியும் இல்லை, வலிப்பும் இல்லை. இவர்களுடைய மண்டையைத் திறக்கலாமா? குரோடா என்ற சர்ஜனும் அவரைச் சேர்ந்தவர்களும் இத்தகையவர்களைப் பொறுமையாகக் கவனித்து வந்தார்கள். வருஷத்துக்கு நூற்றுக்கு மூன்று பேருக்குச் சற்று அதிகமாகப் பாரிசவாயு வருகிறது என்று 2007இல் எழுதினார்கள். பிறகு இன்னும் அதிகம் பேரை, நூற்றுச் சொச்சம் பேரை, ஐந்து வருஷம் பார்த்ததில் 7 பேருக்குத்தான் வந்தது. வருஷத்துக்கு நூற்றுக்கு 1.4. அந்த ஏழில் ஆறு, ரத்தக் கசிவு. ஆபரேஷனுக்கும் அதற்கென்று ஓர் அபாயம் உண்டு; அதில் கைவைக்கும்போதே பக்கவாதம் வந்துவிடலாம். ஒன்றரைக்கும் அதற்கும் நடுவில் தராசு பிடிப்பது லேசான காரியமா?

ஆனால் அந்தச் சிறுமி இந்தத் தராசில் நிற்கவில்லை. கை துவள ஆரம்பித்துவிட்ட குழந்தைக்குக் காத்திருப்பதே பெரிய அபாயம் என்பதில் வைத்தியர்களுக்குள் அபிப்பிராய பேதம் இல்லை. நண்பர் அந்தத் தாயாரிடம் எண் ஒன்றும் சொல்லவில்லையாம். படத்தைத் திருப்பிக் காட்டி, "இந்தப் புகையை நம்பி இவளை விட்டுவைக்க எனக்கு மனசில்லை அம்மா" என்று மட்டும் சொன்னாராம். மட்ஸுஷிமாவின் முறையில் முதலில் இடது பக்கம், சில மாதம் கழித்து வலது பக்கம். ஆபரேஷன் முடிந்த நாட்களில் வார்டே அந்தக் குழந்தை அழாமல் பார்த்துக்கொண்டதைப் பற்றித் தனியாக ஒரு கதை எழுதலாம். துளிர் விடும் வரையில் அழுகை அழுகைதானே! நர்ஸுகள் முறை போட்டுக்கொண்டு கதை சொன்னார்களாம். ஊசியைப் புடைவைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு வருவார்களாம்.

அடுத்த வருஷம் மறுபடி ஒரு நாள் நண்பரைப் பார்க்கப் போயிருந்தேன். அவர் அறைக்கு அடுத்த அறையில் ஏதோ ரத்தப் பரிசோதனை. திடீரென்று ஒரு குழந்தையின் அலறல், கட்டடமே அதிரும்படி. நண்பர் என்னைப் பார்த்தார். "அவள்தான்" என்றார்.

கதவு பாதி திறந்திருந்தது. குழந்தை விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தது. தாயார் அதைச் சமாதானப்படுத்தவில்லை. எதிரே முழங்காலிட்டு உட்கார்ந்து அதன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை ஓய்வதற்குச் சற்று நேரம் ஆயிற்று.

"எங்கே, கையைத் தூக்கு பார்ப்போம்" என்றாள்.

குழந்தை கையைத் தூக்கியது. தூக்கிய கையால் அம்மாவின் முகத்தில் ஓர் அறை வைத்தது.